இல்லாத வீட்டைக் காட்டியவன்

"எல்லாரும் முட்டாளுங்க," என்றான் இசக்கிராஜா.

மலைமேல் தன் குடில் வாசலில் அந்தப் பெண் குரு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாருமா?"

"எங்ககிட்ட வந்த எல்லாரும்."

குரு முறத்தைத் தள்ளி வைத்து இடம் விட்டார். இசக்கிராஜா உட்கார்ந்தான். அவனோடு மலையேறி வந்த பெனிட்டாவும் உட்கார்ந்தாள்.

இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். ஒன்றாக ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். கட்டப்போகிற வீட்டைக் கட்டுவதற்கு முன்பே காட்டும் நிறுவனம். கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டால் போதும். இல்லாத கூடத்தில் நடக்கலாம். இல்லாத ஜன்னலைத் திறக்கலாம். சுவருக்கு வேறு நிறம் அடித்துப் பார்க்கலாம்.

போன மாதம் அதை மூடிவிட்டார்கள்.

குருவுக்கு அவர்களைவிட ஓரிரு வயதுதான் அதிகம் இருக்கும். அதுவே இசக்கிராஜாவுக்குப் பிடிக்கவில்லை. பெனிட்டா வந்ததுமே "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டாள். அவனுக்கு வாய் வரவில்லை.

"என்ன வேணும்?" என்று கேட்டார் குரு.

"இவளுக்கு ஹைதராபாத்ல வேலை கிடைச்சிருக்கு. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். மறுபடியும் ஆரம்பிக்கலாம், போகாதேங்கறேன். கேக்க மாட்டேங்கறா. நீங்க சொன்னா கேப்பா."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"பயந்துட்டா."

பெனிட்டா வாயைத் திறந்தாள்.

"இரு பெனி, நான் சொல்லி முடிச்சிடறேன்."

அவள் ஒரு கை வெங்காயத்தை அள்ளித் தன் முன்னால் போட்டுக்கொண்டாள்.

"கம்பெனியை எதுக்கு மூடினீங்க?"

"மூடினோமா? மூட வச்சாங்க!"

அவன் குரல் ஏறியது.

"ஒரு அம்மா, தலையில பூ வச்சிருக்கேன், இதை மாட்ட முடியாதுன்னாங்க. பூவை எடுத்துடுங்கன்னேன். எழுந்து போயிட்டாங்க. இன்னொரு அம்மாவுக்குப் பொட்டு அழிஞ்சிடுமாம். இன்னொருத்தங்களுக்கு, வேத்து ஆம்பளை தலையில கை வைக்கக் கூடாதாம். சரி, வீட்டுக்காரர் மட்டும் மாட்டிப் பாத்தாரு. ஆஹான்னாரு. அப்படியே நம்ம வீடுன்னாரு. மறுநாள் போன் பண்ணி வேண்டாங்கறாரு. ஏன் சார்னு கேட்டா, கிரைண்டர் எங்க வைக்கறதுன்னு சம்சாரம் கேட்டாங்களாம். இவருக்குச் சொல்லத் தெரியலையாம். அதுக்கு நான் என்ன பண்றது? வந்தவங்க அத்தனை பேரும் இதே கதை!"

"நான் அன்னைக்கே..." என்றாள் பெனிட்டா.

"தெரியும். டிவியில காட்டலாம்னு சொல்லுவா. குடும்பத்தோட உக்காந்து பேசிக்கிட்டே பாக்கட்டுமாம். டிவியில பாக்கறதுக்கு நாம எதுக்கு பெனி? சீரியல் கம்பெனியா நடத்தறோம்?"

குரு சிரித்தார். பெனிட்டா சிரிக்கவில்லை.

"எங்க வீட்ல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு நான்," என்றான் அவன். "மகன் கம்பெனி நடத்தறான்னு அம்மா தெரு பூரா சொல்லி வச்சிருக்கு. ஊருக்குப் போனா பஸ் ஸ்டாண்டுலயே கேக்கறாங்க, எத்தனை பேருக்கு வேலை போட்டுக் குடுத்தேன்னு. நான் தோத்தா, அந்தத் தெருவுல அடுத்த பையனை யாரும் படிக்க வைக்க மாட்டாங்க. இவளுக்கு அது புரியாது. இவ அப்பா வாத்தியார்."

பெனிட்டாவின் கைகள் நின்றன. பிறகு மறுபடியும் உரித்தன.

"அந்தக் கருவி இருக்கா?" என்று கேட்டார் குரு.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. பையிலிருந்து கருவியை எடுத்தான். துணியால் துடைத்தான். இரண்டு கைகளாலும் நீட்டினான்.

குரு தன் கைகளைக் காட்டினார். "ஒரே வெங்காயம். நீங்க மாட்டிக்கிட்டு உள்ள போய்ச் சொல்லுங்க. நான் இங்கேயே இருக்கேன்."

அவன் மாட்டிக்கொண்டான். கருவி கண்களை மூடியது. காதுகளையும் மூடியது. உள்ளே வீணை இசை ஓடியது. அது அவனே தேர்ந்தெடுத்தது.

"இதான் வாசல்," என்றான் உரக்க. "தேக்குக் கதவு. தொட்டாத் திறக்கும்."

"பயமெல்லாம் இல்லக்கா," என்றாள் பெனிட்டா. "கோவம்."

"யார்மேல?"

"கூடத்துல வெளிச்சத்தைப் பாருங்க!" என்றான் அவன். "காலைல எட்டு மணி வெயில். அத்தனையும் நான் போட்டது."

"நான் போட்டது," என்றாள் பெனிட்டா. "பூவை எடுக்கச் சொன்னானே, அந்த அம்மா பின்னாலயே நான் ரோடு வரைக்கும் ஓடினேன்க்கா. கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டேன். அவங்க என்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? எனக்கு முழங்கால் வலி, படி வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன், யாரும் கேக்கலையேன்னாங்க. திரும்பி வந்து இவன்கிட்ட சொன்னேன். அப்ப சுவருக்கு நிறம் மாத்திக்கிட்டிருந்தான்."

"இப்ப பூஜை அறை. மணி அடிக்கலாம். கேக்குதா?"

"காதுல விழலையோ என்னவோ," என்றார் குரு. "அதை மாட்டியிருந்தாரா?"

"மாட்டலைன்னாலும் இப்படித்தான்க்கா."

குரு வெங்காயத்தைக் கீழே வைத்தார். "இசக்கிராஜா!" என்று கூப்பிட்டார்.

வீணைக்கு அப்பால் ஏதோ குரல் எழுந்தது அவனுக்குத் தெரிந்தது. பாராட்டு என்று நினைத்தான்.

"அவசரப்படாதீங்க, இன்னும் மாடி இருக்கு!"

பெனிட்டா எழுந்தாள். வாளித் தண்ணீரில் கையைக் கழுவினாள். புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். இல்லாத மாடியை நோக்கி நின்றவனிடம் போனாள்.

"டேய் இசக்கி."

அவன் அந்தரத்தில் எதையோ பிடித்துத் திருகிக்கொண்டிருந்தான்.

அவள் அவன் தோளைத் தொட்டாள். "நான் கிளம்பறேன்டா. ஹைதராபாத்துக்குச் சரின்னு சொல்லப்போறேன். வேண்டாம்னா இப்பச் சொல்லு. என்னைப் பாத்துச் சொல்லு. இருந்துடறேன்."

அவன் பதில் சொன்னான்.

அவள் அதைக் கேட்டாள். பிறகு குருவைக் கும்பிட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, பாதையில் இறங்கிப் போனாள்.

அவன் மாடி முழுவதையும் காட்டி முடித்தான். மொட்டை மாடியில் நட்சத்திரங்களைக் காட்டினான். கருவியைக் கழற்றியபோது நெற்றியில் அதன் தடம் சிவந்திருந்தது.

"எப்படி?" என்றான்.

குரு முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவன் சுற்றிலும் பார்த்தான்.

"பெனி எங்க?"

"கீழ பஸ் வந்துச்சு."

"போயிட்டாளா? என்ன பதில் சொல்லப் போறாளாம்?"

"சரின்னு."

அவன் கையிலிருந்த கருவியைத் தரையில் எறிந்தான். அது புரண்டு முறத்தில் இடித்து நின்றது.

"இத்தனை வருஷப் பழக்கம்! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லிட்டுப் போகக் கூடாதா? நீங்களும் பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்க!"

"சொன்னாங்க. தோளைத் தொட்டுச் சொன்னாங்க. வேண்டாம்னா இருந்துடறேன்னாங்க. நீங்களும் பதில் சொன்னீங்க."

"நானா?"

கோபத்தில் ஓங்கியிருந்த அவன் கை அப்படியே நின்றது.

"நான் என்ன சொன்னேன் அக்கா?"

"'படி இருக்கு, பாத்துப் போங்க'ன்னு."