தட்டினால் விடு

"கோதாவை மூடணும், வாத்தியாரே" என்றான் பெரியாண்டி.

வழக்கமாக வாசலிலேயே மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்பவன். அன்றைக்கு அதெல்லாம் இல்லை. வந்ததும் வராததுமாக இதைத்தான் சொன்னான்.

குஸ்தி வாத்தியார் உலகப்பன் கோதாக் குழியின் மண்ணில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். கோட்டைப் படைக்கே குஸ்தி சொல்லித்தருபவர் என்றதும் ஆறடி உருவத்தை நினைத்துக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள். ஆள் ஒல்லி. பெரியாண்டியைவிடப் பத்து வயது இளையவர். முதல் நாளே அவனை மூன்று முறை மல்லாத்திப் போட்டவர் என்பதால் அவன் வாயில் 'வாத்தியாரே' தானாக வந்துவிட்டது.

"ஏன் மூடணும்?"

"விளையாட்டு சண்டைக்கு ஆகாது. கர்லாக்கட்டை சுத்தட்டும், தண்டால் எடுக்கட்டும், மணல் மூட்டை தூக்கட்டும். உடம்பு ஏறினா போதும். தளபதிகிட்டச் சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டாரு."

வாசலில் இருபது பேர் மண்வெட்டியும் கூடையுமாக நின்றார்கள். கோதாவுக்கு முறைப்படி வாத்தியார்தான் பொறுப்பு. அவர் ஒரு வார்த்தை சொன்னால் குழியைத் தூர்த்துவிடலாம்.

உலகப்பன் கையைத் துடைத்துக்கொண்டார்.

"உட்காருங்க பயில்வான்."

"உட்கார வரல."

"சரி, நின்னுக்கிட்டே சொல்லுங்க. என்ன ஆச்சு?"

ஊருக்கே தெரிந்த கதை. அவருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டார்.

கோதாவில் ஒரு சட்டம் உண்டு. பிடியில் மாட்டியவனுக்கு மூச்சு முட்டினால், பிடித்தவன் கையில் இரண்டு தட்டு தட்டுவான். தட்டினால் விட வேண்டும். கண் இமைக்கும் நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. தாமதித்தவனுக்கு அன்று சோறு கிடையாது.

பெரியாண்டி பதினோரு வருஷம் அந்த மண்ணில் புரண்டவன். ஆண்டு விழாக் குஸ்தியில் தன் பிரிவுக்குத் தொடர்ந்து ஏழு வருஷம் கொடி வாங்கிக் கொடுத்தவன். தட்டியதும் விடுவதற்கு அவன் கைகள் அவனையே கேட்பதில்லை.

எட்டு நாளைக்கு முன்னால் அந்தக் கைகள்தான் அவன் காலை வாரிவிட்டன.

"விடிகாலையில சுனைப் பக்கம் காவலுக்குப் போனோம். பத்துப் பேரு. ஒரே பனி. பக்கத்துல நிக்கிறவன் மூஞ்சி தெரியல. மலைக்காரங்க திடீர்னு பாஞ்சுட்டாங்க. குளிருக்கு எல்லாரும் கறுப்புக் கம்பளி போர்த்தியிருந்தோம். அவங்களும் அப்படித்தான்."

"ம்."

"எனக்கு முன்னால ஒரு கம்பளி நகர்ந்துச்சு. பின்னாலேருந்து கழுத்தைப் பிடிச்சேன். நம்ம கழுத்துப்பிடிதான். இன்னும் ரெண்டு மூச்சு நேரம் இறுக்கியிருந்தா ஆள் காலி. அப்போ..."

பெரியாண்டி முன்கையை நீட்டிக் காட்டினான்.

"தட்டினான், வாத்தியாரே. என் கையில ரெண்டு தட்டு. நான் விட்டுட்டேன். எதிரிய! கோதாவுல விடற மாதிரி விட்டுட்டேன்! அவன் சரிவுல உருண்டு போயிட்டான்."

"அப்புறம்?"

"பனி விலகினப்போ கீழ ஓடையில சடையன் கிடந்தான். தொண்டை நசுங்கி, கழுத்து வீங்கி. நான் விட்டவன் நேரா போய் அவனைப் பிடிச்சிருக்கான்."

சடையன் வேறு யாருமில்லை. பதினோரு வருஷமாகக் கோதாவில் பெரியாண்டிக்கு ஜோடி. காலையில் ஒருவனையொருவன் மண்ணில் புரட்டி எடுப்பார்கள், மதியம் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். பெரியாண்டியின் தங்கையைச் சடையனுக்குத்தான் கொடுத்திருந்தது.

"வைத்தியசாலைக்குப் போய்ப் பார்த்தீங்களா?"

"தினமும் போறேன். கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நான் விட்டவன்தான்டா உன்னை இப்படிப் பண்ணிட்டான்'னு அழுவேன். அவனால பேச முடியல. தலையை மட்டும் ஆட்டுவான். அழாதங்கறான். அதைப் பார்த்தா எனக்கு இன்னும் வயிறு எரியுது."

சொல்லிவிட்டு அழுதான். ஏழு கொடி வாங்கிய பயில்வான் அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் மண்வெட்டிக்காரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"இந்தக் கையை என்ன பண்றதுன்னு தெரியல, வாத்தியாரே. இதுக்கு விடச் சொல்லிக் கொடுத்தது நீங்க. இனிமே ஒருத்தனுக்கும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. தலையை ஆட்டுங்க, மண்ணைத் தள்ளிடறோம்."

உலகப்பன் தலையை ஆட்டவில்லை. கோதாவின் நடுவில் போய் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"பிடிங்க."

"என்ன?"

"அன்னைக்குப் பிடிச்ச மாதிரியே பிடிங்க. இது நம்ம கோதான்னு நினைக்காதீங்க. நானும் உங்க வாத்தியார் இல்ல."

பெரியாண்டி தயங்கினான். ஆனால் மனசுக்குள் ஆத்திரம் நிறைய இருந்தது. இறங்கிப் போய்ப் பின்னாலிருந்து கழுத்தில் கையைக் கொடுத்து இறுக்கினான்.

வாத்தியார் தட்டவில்லை.

நகத்தால் அவன் கையைப் பிறாண்டினார். தோல் கிழிந்தது. குதிகாலால் அவன் முழங்காலில் உதைத்தார். கையைப் பின்னால் வீசி அவன் கண்ணைத் தேடினார். காதைப் பிடித்துத் திருகினார். முகத்தைத் திருப்பி, அகப்பட்ட சதையை நறுக்கென்று கடித்தார்.

"வாத்தியாரே! என்ன இது?"

மறுபடியும் கடித்தார்.

"தட்டுங்க, வாத்தியாரே!"

தட்டவில்லை. உதைகள் குறைந்துகொண்டே வந்தன. பிறாண்டிய விரல்கள் தளர்ந்தன. உடம்பு அவன் கையில் கனத்தது.

"தட்டுங்களேன்! தட்டித் தொலைங்களேன்!"

பயந்துபோய் அவனாகவே விட்டான். உலகப்பன் குப்புற விழுந்தார். இருமினார், மண்ணைத் துப்பினார், மறுபடி இருமினார். நெடுநேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தார்.

பெரியாண்டி அவர் முதுகைத் தடவிவிட்டான். "செத்திருப்பீங்க! ஏன் தட்டல?"

"தட்டத் தெரியாதவன் வேற என்ன பண்ணுவான்?"

அவர் குரல் கரகரத்தது. பெரியாண்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"மலைக்காரங்க ஊர்ல கோதா இருக்கா, பயில்வான்?"

"ஏது? கத்தியும் கல்லும்தான் அவங்களுக்கு."

"கத்தி வெச்சிருக்கிறவன் எதுக்குச் சடையன் தொண்டையை நெரிச்சான்?"

பெரியாண்டி வாயைத் திறந்தான். வாத்தியார் அடுத்ததைக் கேட்டார்.

"அன்னைக்கு உங்க கையில எத்தனை கீறல்?"

பெரியாண்டி குனிந்து தன் கையைப் பார்த்தான். புதுக் கீறல்கள் நாலைந்து இருந்தன, ரத்தம் கசிந்தது. கடித்த இடத்தில் பல் பதிந்திருந்தது. எல்லாம் இப்போது வாத்தியார் போட்டவை. அதற்கு முன்னால் அந்தக் கையில் ஒன்றுமே இல்லை. அன்று காலை கம்பளியைக் கழற்றிப் பார்த்தபோதும் ஒரு சின்னக் கீறல்கூட இல்லை. பிடித்தான், இரண்டு தட்டு விழுந்தது, விட்டான். அவ்வளவுதான் நடந்தது.

கோதாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"இல்ல" என்றான். "இல்ல வாத்தியாரே. இல்ல."

உலகப்பன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

பெரியாண்டி எப்படி மேலே ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. ஓடினான்.

"அண்ணே, மண்ணைத் தள்ளலாமா?" என்று மண்வெட்டிக்காரன் ஒருவன் கேட்டது அவன் காதில் விழவில்லை. வழியில் கர்லாக்கட்டை சுற்றிக்கொண்டிருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். ஒருவன் விலகத் தெரியாமல் நின்று இடிபட்டு விழுந்தான்.

வைத்தியசாலையில் சடையன் சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அன்று காலைதான் கட்டை அவிழ்த்திருந்தார்கள். எட்டு நாளாகத் துணியில் மறைந்திருந்த கழுத்தைப் பெரியாண்டி முதல் முறையாகப் பார்த்தான். தாடைக்குக் கீழே, இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை, அகலமாகக் கறுத்துக் கன்றிய ஒரு தடம். விரல் தடம் இல்லை. ஒரு முழுக் கை கிடந்த தடம்.

"ரொம்பப் பேச விடாதீங்க" என்றார் வைத்தியர். "ஒண்ணு ரெண்டு வார்த்தை பேசலாம், அதுக்கு மேல வேண்டாம்." சொல்லிவிட்டு மருந்து இடிக்க உள்ளே போனார்.

பெரியாண்டி கட்டிலின் ஓரத்தில் மண்டியிட்டான். தன் முழங்கையை மடித்து, அந்தத் தடத்தின் அருகே கொண்டுபோனான். தொடவில்லை. தொட வேண்டிய அவசியமே இல்லாமல் இருந்தது. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது.

"நானாடா?"

தினமும் தலையை ஆட்டுகிற சடையன் இன்று ஆட்டவில்லை.

"நீ தினமும் தலையை ஆட்டினது அழாதன்னு சொல்றதுக்கு இல்லையா? அப்படி இல்லன்னு சொல்றதுக்கா?"

சடையன் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

பெரியாண்டி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். மலைக்காரன் எவனோ செய்தான் என்று எட்டு நாளாகத் தூங்காமல் கிடந்தவன். அந்த முகமே தெரியாதவனைத் தேடிப் பிடித்துக் கொல்வேன் என்று தங்கையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன்.

"கொன்னிருப்பேனேடா. இன்னும் ரெண்டு மூச்சு. என் கையாலயே உன்னைக் கொன்னிருப்பேனே! கத்தி இருந்துச்சுல்ல உன் இடுப்புல? எடுத்துக் குத்தியிருக்கலாம்ல? எதிரி பிடிச்சிருக்கான்னு நினைச்சுக் குத்தியிருக்க வேண்டியதுதானே? எதுக்குடா தட்டின?"

சடையன் இரண்டு முறை எச்சில் விழுங்கினான். வலித்திருக்க வேண்டும், கண்ணில் நீர் வந்தது. பெரியாண்டி காதை அவன் வாயருகே கொண்டுபோனான்.

குரல் காற்றாகத்தான் வந்தது.

"பிடி விழுந்ததுமே தெரிஞ்சுது, நீதான்னு. அதான் தட்டினேன்."