சுவரேறிக் குதித்தவன்

"என் இன்ஸ்பெக்டருக்கு இன்னும் என்னம்மா குறை வைக்கணும்?"

கேட்டது தேவசகாயம். ரிட்டயர்டு ஏட்டு. முப்பது வருஷம் ஸ்டேஷன் ரைட்டர். இப்ப துப்பறியும் நாவல் எழுதுறாரு. 'உங்க ஹீரோ இன்ஸ்பெக்டர்கிட்ட ஒரு குறையுமே இல்லை'ன்னு பதிப்பகத்துக்காரன் ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டான். இதுதான் கடைசின்னும் சொல்லிட்டான்.

அவருக்குக் கதை எழுதச் சொல்லிக்குடுக்குற டீச்சர் பர்வீனுக்கு வயசு முப்பது. பாளையங்கோட்டையில ஜெராக்ஸ் கடை. மாசம் ஒரு கொலைக்கதை எழுதிருவா.

ஏட்டய்யா விரல் விட்டு எண்ணினாரு. "சிகரெட் குடுத்தேன். பொண்டாட்டிய பிரிச்சேன். இப்ப சக்கரை வியாதியும் குடுத்துட்டேன்."

"பாவம், நோயாளி ஆக்கிட்டீங்க ஏட்டய்யா. அவரு தப்பு ஒண்ணும் பண்ணலையே."

"போலீசு என்னம்மா தப்பு பண்ணும்?"

பர்வீன் மெஷினைத் தட்டிக்கிட்டே கேட்டா. "எத்தனை வாக்குமூலம் எழுதியிருப்பீங்க?"

"ஆயிரம் இருக்கும். திருட்டுக் கேஸ்ல பிடிபட்டவன் வாயே தொறக்க வேண்டாம். 'நான் மேற்படி விலாசத்தில்'னு ஆரம்பிச்சா, 'சுவரேறிக் குதித்து'ன்னு கை தானா ஓடும். கையெழுத்து மட்டும் அவன் போடணும்."

அவரு சிரிச்சாரு. அவ சிரிக்கல.

"எல்லாருமே சுவரேறினாங்களா?"

ஏட்டய்யா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. அது சுத்தமாத்தான் இருந்துச்சு.

"ஒருத்தனுக்கு போலியோ கால். செல்லையான்னு பேரு. அவனுக்கும் அதையே எழுதிட்டேன். கைப்பழக்கம்."

"யாரும் கேக்கலையா?"

"யாரு படிச்சா? கோர்ட்டுல அவனே பயந்து 'ஆமாம்'னுட்டான். எட்டு மாசம் ஜெயில்."

பர்வீன் ட்ரேயில இருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி முன்னால வச்சா.

"உங்க இன்ஸ்பெக்டரோட வாக்குமூலம் எழுதுங்க."

'நான் மேற்படி விலாசத்தில்' வரைக்கும் பேனா ஓடுச்சு. அங்க நின்னுச்சு. அப்புறம் மெதுவா நடந்துச்சு. வெளியே ரெண்டு பஸ் போச்சு. ஆதார் அட்டை ஜெராக்ஸுக்கு வந்த ஒரு அம்மா காத்துப் பாத்துட்டுப் போயிட்டாங்க.

எழுதி முடிச்சு நீட்டினாரு.

அவ படிச்சா. அதுல செல்லையாவோட போலியோ காலும் இருந்துச்சு. கீழ விரலை வச்சா.

"கையெழுத்து?"

அந்த இடத்துல முப்பது வருஷமா மத்தவன் பேருதான் விழுந்திருக்கு. தேவசகாயம் பேனாவை மாத்திப் பிடிச்சாரு. எழுத்து எழுத்தா, ஒண்ணாங்கிளாஸ் பையன் மாதிரி, தன் பேரைப் போட்டாரு.

பர்வீன் மெஷின் மூடியைத் தூக்கினா. "பதிப்பகத்துக்கு ஒரு காப்பி போதும்ல?"

"ரெண்டு போடும்மா. செல்லையா மார்க்கெட் பக்கம்தான் சைக்கிள் கடை வச்சிருக்கான்."