சேற்றுமூக்கன் வீட்டார்

மருதங்குளத்து விலங்குகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கோடையில் குளம் சுருங்கினால், வீட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வரிசையாகத் தண்ணீர் குடிக்க விடுவார்கள். கூப்பிடும் வேலையை நரி மாசிலான் தானாகவே எடுத்துக்கொண்டான்.

"முதலில் நியாயவான் வீட்டார்!" என்பான். அது அவனுடைய சொந்த வீடு. எல்லாரும் குடித்து முடித்த பிறகுதான், "சேற்றுமூக்கன் வீட்டார்!"

காட்டுப்பன்றி வடிவுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே எரிச்சல். முப்பாட்டனுக்கு யாரோ வைத்த பட்டப்பெயர், குடும்பத்துக்கே ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்கிறது. அவள் முறை வரும்போது குளத்தில் சேறுதான் மிச்சம். குட்டிகள் நாக்கு வறண்டு கிடந்தன.

"குட்டிகளையாவது முன்னாடி விடுங்கண்ணே. நாங்க என்ன தப்பு செஞ்சோம்?"

"உங்க முப்பாட்டன் குளத்தைக் கலக்கிச் சேறாக்கினான். இல்லேன்னா அந்தப் பேர் எப்படி வந்துச்சாம்?"

"சரி, உங்களுக்கு நியாயவான்னு பேர் வெச்சது யாரு?"

"எங்க தாத்தாவேதான்."

வடிவு தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இதில் அவள் வீட்டு வழக்கம் வேறு. குட்டி பிறந்தால் குளத்தின் மருத மரத்தடி மூலைக்குக் கூட்டிப்போய், அந்தச் சேற்றில் மூக்கைத் தேய்க்க வேண்டும். ஏனென்று யாருக்கும் தெரியாது. கேலி செய்கிறவர்களுக்கு நாமே வழி காட்டுகிறோமே என்று அலுத்துக்கொண்டுதான் செய்வாள்.

அந்த ஆண்டு குளம் அடியோடு வற்றியது. நியாயவான் வீட்டாருக்கும் ஒரு சொட்டு இல்லை. வடிவின் கடைக்குட்டி நிற்க முடியாமல் சரிந்து விழுந்தது.

இத்தனை மூலை இருக்க, அந்த ஒரு மூலையை முன்னோர்கள் ஏன் சொல்லிவைத்தார்கள்? வடிவுக்குச் சட்டென்று உறைத்தது. ஓடிப்போய் மருத மரத்தடியில் மூக்கால் தோண்டினாள்.

"கலக்க ஆரம்பிச்சுட்டா, பாருங்க!" என்றான் மாசிலான்.

"கலக்கத் தண்ணி எங்கேய்யா இருக்கு? தள்ளி நில்லு."

கழுத்தளவு தோண்டியதும் பழைய ஊற்று கண் திறந்தது. குட்டிகள் வயிறு முட்டக் குடித்தன. வடிவு நிமிர்ந்தாள். மூக்கெல்லாம் சேறு.

"அப்போ உங்க முப்பாட்டனும் இப்படித்தான்..." என்று இழுத்தது ஒரு மான்.

"இத்தனை கோடையா என் பிள்ளைங்க சேத்தை நக்குச்சே, ஒருத்தராவது விசாரிச்சீங்களா?" என்றாள் வடிவு. பிறகு குட்டிகளை ஒதுக்கி வழிவிட்டாள். "சரி, வந்து குடிங்க."

மாசிலான் யாரையும் கூப்பிடவில்லை. வரிசையின் கடைசியில் போய் நின்றான்.

ஒரு பேர் வந்த காரணம் தெரியாமல், அந்தப் பேரை வைத்து யாரையும் எடைபோடக் கூடாது.