கருங்குரங்கு உச்சிக்கிளைக்குப் போன கதை

அந்தக் காலத்தில் மரத்தில் இருந்தவர்களுக்கும் தரையில் இருந்தவர்களுக்கும் ஒரே பேச்சுதான். மேகம் வந்து முட்டுகிற மலை ஒன்றில், சோலைக்காட்டின் ஓரமாகக் கொஞ்சம் குடிசைகள் இருந்தன. கருங்குரங்குகள் அந்தக் குடிசை வாசல்களுக்கு இறங்கி வரும். மனிதர்களோடு சேர்ந்து காலை வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும். யாரும் யாரையும் பார்த்து ஓடியதில்லை. சொன்னால் இப்போது நம்பமாட்டீர்கள்.

குடிசைகளில் ஒன்றில் சடையனும் அவன் மனைவி வீரக்காளும் இருந்தார்கள். அவர்களுக்குப் பிறந்த முதல் இரண்டு பிள்ளைகளையும் பனிக்காலம் கொண்டுபோய்விட்டது. இருமி இருமி, மூச்சு இழுத்து, இரண்டும் போய்ச் சேர்ந்தன. மிஞ்சியிருந்தது சிட்டாள் ஒருத்திதான். அப்போதுதான் பேசப் பழகிக்கொண்டிருந்த குழந்தை. மார்கழி பிறந்ததும் அவளுக்கும் இழுப்பு வந்தது.

சடையன் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே பயந்தான். காட்டில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் பாறைமேல் போய் உட்கார்ந்துகொள்வான்.

கருங்குரங்குக் கூட்டத்தில் கரியாள் என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் அப்போது கையில் ஒரு குட்டி இருந்தது. சடையனை அண்ணன் என்றும் வீரக்காளை மதினி என்றும்தான் கூப்பிடுவாள். ஒரு நாள் காலையில் குடிசைக்குள் எட்டிப் பார்த்தவளுக்குக் கண் எரிந்தது.

"என்ன மதினி இது, புள்ளையப் புகைக்குள்ள போட்டிருக்க?"

"குளிருதே. அடுப்புப் பக்கத்துல கிடந்தா கதகதப்பா இருக்கும்னு பார்த்தேன்."

"ஈர வெறகு. புகை பூராவும் அவ நெஞ்சுக்குள்ளதான் போகுது. கதகதப்பு வேணும்னா உன் உடம்பு எதுக்கு இருக்கு? தூக்கி நெஞ்சோட அணைச்சுக்க."

அதற்கப்புறம் கரியாள் தினமும் வந்தாள். மூடுபனி விலகி வெயில் ஏறின பிறகுதான் பிள்ளையை வெளியே எடுக்கவிட்டாள். நனைந்த துணியைக் கண்டால் உடனே மாற்றச் சொன்னாள். கஞ்சித்தண்ணியை வெதுவெதுப்பாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வைத்தாள். சடையனுக்குச் சளி பிடித்து மூக்கு ஒழுகியபோது, "அண்ணே, உனக்குச் சரியாகுற வரைக்கும் புள்ள முகத்துகிட்ட வராதே" என்று அவனைத் தள்ளி உட்கார வைத்தாள். பிள்ளை மூச்சை இழுக்கும்போது விலாவில் குழி விழுகிறதா என்று துணியை விலக்கிப் பார்ப்பாள். குழி ஆழமாக விழுந்த அன்று இருட்டும்வரை அவள் மரத்துக்குத் திரும்பவில்லை.

இதில் மாயம் ஒன்றுமில்லை. யாராவது ஒரு ஆள் எந்நேரமும் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க வேண்டும். வீரக்காள் இடுப்பு ஒடிய அதைச் செய்தாள். சிட்டாளின் மூச்சு மெல்ல மெல்ல இளகியது. ஆனால் பனி வலுத்த நாட்களில் திரும்பவும் இழுத்தது.

சடையனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு வாய் கொடுத்தால் அன்றைக்கே இழுப்பு நிற்கிற மருந்து அவனுக்கு வேண்டும். கரியாளிடமே கேட்டான்.

"தங்கச்சி, உங்க குட்டிக ஒண்ணுகூட இருமி நான் கேட்டதில்ல. அப்படி எதைத் திங்கிறீங்க? எங்கிட்ட மறைக்காதே."

"மறைக்க என்ன இருக்கு அண்ணே? எல தழை. அதைத்தான் திங்கிறோம். எங்க குட்டிகளும்தான் சாகுது. போன பனியில என் அக்கா குட்டி என் கையிலயே செத்துச்சு. மரத்து மேல நாங்க அழுதது உனக்குக் கேக்கல."

அவன் நம்பவில்லை. இவள் எதையோ ஒளிக்கிறாள் என்று அன்றே மனதில் வைத்துக்கொண்டான்.

தை பிறந்ததும் உறைபனி கொட்டியது. குடிசையில் காய்ந்த விறகு தீர்ந்துபோயிற்று. வீரக்காள் சிட்டாளைக் கரியாளின் கையில் கொடுத்து, "நான் வர்ற வரைக்கும் கீழ விட்றாத, தாயி" என்று சொல்லிவிட்டு விறகுக்குப் போனாள். கரியாள் வாசலில் உட்கார்ந்து, ஒரு கையில் தன் குட்டியையும் மறு கையில் சிட்டாளையும் அணைத்துக்கொண்டாள்.

சடையன் பாறையிலிருந்து திரும்பி வந்தபோது சிட்டாள் அந்தக் கறுத்த மயிருக்குள் முகம் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து காதை வைத்துக் கேட்டான். மூச்சில் இழுப்புச் சத்தமே இல்லை.

"எங்கிட்ட இப்படித் தூங்குனதே இல்லையே" என்றான்.

"நீ தூக்குனதே இல்லையே, அண்ணே" என்று கரியாள் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "நாளைக்கு எங்க கூட்டம் கீழ்க்காட்டுக்கு இறங்குது. பனி விட்டதும்தான் வருவோம். நீயும் மதினியும் மாத்தி மாத்தி வச்சுக்கங்க. இந்தப் பனியத் தாண்டிட்டா பொழைச்சுக்குவா."

சடையன் காதில் விழுந்தது அவர்கள் போகப்போகிறார்கள் என்பது மட்டும்தான். மருந்து கால் முளைத்து எழுந்து போகப்போகிறது என்று நினைத்தான். இத்தனை நாளும் அது அந்த உடம்புக்குள்தான் இருந்திருக்கிறது, கறியிலோ ரத்தத்திலோ. அதைத்தான் இவள் மறைத்திருக்கிறாள். அவன் உள்ளே போய் வெட்டுக்கத்தியை எடுத்துவந்தான்.

கரியாள் கத்தியைப் பார்த்தாள். அவன் முகத்தையும் பார்த்தாள். ஒரே தாவலில் மரத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் கையில் இழுப்புக்காரப் பிள்ளை இருந்தது. தாவினால் பிள்ளை விழும். தன் குட்டியை மரத்தின் பக்கம் தள்ளிவிட்டாள், அது பற்றி ஏறிக்கொண்டது. பிறகு சிட்டாளைத் தலை இடிக்காமல் மெதுவாகத் தரையில் கிடத்தினாள். அந்த நேரம் சடையனுக்குப் போதுமாயிருந்தது.

"அண்ணே, புள்ளைக்குக் குளிரும்." அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

அவன் அவசர அவசரமாக உரித்தான். பிள்ளை பனித்தரையில் கிடந்து அழுதது, பிறகு இருமியது. குடிசைக்குள் ஈர விறகை வாய்வைத்து ஊதி ஊதி அடுப்பைப் பெரிதாக மூட்டினான். அதன் பக்கத்தில் பிள்ளையைப் போட்டான். கறி வேகக் காத்திருந்தான்.

வீரக்காள் விறகுக்கட்டோடு வந்தபோது கூரை முழுக்கப் புகை கசிந்துகொண்டிருந்தது. "மருந்து கிடைச்சிருச்சு, புள்ள. இன்னும் ரெண்டு வாய் இறங்குனா எந்திரிச்சிருவா" என்றான் சடையன். சிட்டாளின் வாயோரம் சாறு வழிந்து காய்ந்திருந்தது. வீரக்காள் தொட்டுப் பார்த்தாள். கை கால் சில்லிட்டிருந்தது. துணியை விலக்கி விலாவைப் பார்த்தாள். குழியும் விழவில்லை, எதுவும் அசையவில்லை.

அவள் சட்டிக்குள் பார்த்தாள்.

"மடியில வச்சுச் சூடு குடுத்துட்டிருந்தவள அடுப்புல வச்சிட்டியா" என்றாள்.

பிறகு சிட்டாளைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். யார் வந்து கேட்டும் கொடுக்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களும் சட்டியை எட்டிப் பார்த்தார்கள். "நல்ல மருந்துதான், நேரத்துக்குக் குடுக்கல" என்றார் ஒருவர். "வேகுற வரைக்கும் காத்திருந்ததுதான் தப்பு. ரத்தத்தைச் சூடா குடுத்திருக்கணும்" என்றார் இன்னொருவர். அந்த நேரத்தில் பிள்ளையை யார் தூக்கி வைத்திருந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மருந்து என்ற அந்தப் பேச்சு மலையிலிருந்து இறங்கி ஊர் ஊராகப் போயிற்று. இன்னும் போய்க்கொண்டிருக்கிறது, பாவிகள்.

கரியாளின் குட்டி உச்சிக்கிளையிலிருந்து ஒரு முறை கத்தியது. அதில் சொல் எதுவும் இல்லை. கூட்டம் வந்து அதை வாங்கி அணைத்துக்கொண்டு போய்விட்டது.

அன்று முதல்தான் கருங்குரங்கு மனிதனோடு பேசுவதை விட்டது. நம் வாடை பட்டதும் எட்டாத உயரத்துக்கு ஏறி ஒரு குரல் கொடுத்துவிட்டு இலைகளுக்குள் மறைந்துவிடுகிறது. எவ்வளவு குளிர்ந்தாலும் நம் வாசலுக்கு வெயில் காய வருவதில்லை. கையில் இருக்கிற குட்டியை மட்டும் எதற்காகவும் கீழே வைப்பதில்லை.