கரடி எழுதிய கொழுத்த எழுத்து

அந்தக் காலத்தில், விலங்குகள் பேசியதோடு நில்லாமல் சந்தை கூட்டிக் கடையும் போட்டு வந்தபோது, எழுத்தெல்லாம் முள்ளைப் போல மெலிந்திருந்தது. எழுதும் உரிமை முள்ளம்பன்றி ஊசியப்பருக்கு மட்டும்தான். தன் முதுகு முள்ளைப் பிடுங்கி ஓலையில் கீறுவார். வாசிக்க வேண்டுமானால் மூக்கு ஓலையில் முட்ட வேண்டும்.

கரடி சடையனுக்கு அவரைக் கண்டாலே வயிறு எரியும். ஏழு வருடங்களுக்கு முன் எழுதப் பழக வந்தவனின் கையைத் தூக்கிக் காட்டி, "இது கையா, உலக்கையா?" என்று விரட்டியவர் அவர். அன்று சிரித்தவர்கள் யார் யார் என்பதுகூடச் சடையனுக்கு மறக்கவில்லை. விரட்டப்படுவதற்குள் அவன் பழகியிருந்தது 'தேன்' என்ற ஒரே சொல்.

ஏழு வருடம் கழிந்து, சடையன் சந்தையில் மூன்று குடத்தோடு தேன்கடை போட்டான். கடைக்கோடியில், வெள்ளைப் பாறையடியில் இடம். பொழுது சாய்வதற்குள் ஒரு குடமாவது விற்காவிட்டால் இடம் நரிக்குப் போய்விடும். ஊசியப்பர் எழுதித் தந்த ஓலை குடத்தின் கழுத்தில் ஆடியது. ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"கொஞ்சம் பெரிசா எழுதித் தாங்கய்யா" என்று பக்கத்தில் கிழங்குக் கடை போட்டிருந்த ஊசியப்பரிடம் சடையன் கேட்டான்.

"எழுத்துன்னா ஒரு அளவு வேணும். உன் வயிறு மாதிரியா எழுதறது?"

"வயிறு மாதிரிதான்யா எழுதப்போறேன், பாரும்!"

சடையன் கையைத் தேன்குடத்துக்குள் முழங்கை வரை விட்டான். பாறையில் ஏறி இழுத்தான் ஒரு இழுப்பு! தேன் பரவி முனையெல்லாம் மழுங்கியது, வளைவெல்லாம் உப்பியது. 'தேன்' என்று எழுதி முடிப்பதற்குள் இரண்டு குடம் காலி.

ஆனால் வெயிலில் பாறையும் மின்னியது, தேனும் மின்னியது. தள்ளி நின்றால் ஒன்றுமே தெரியவில்லை.

"எழுத்து எங்கேப்பா, வயித்துக்குள்ளயா?" என்று ஊசியப்பர் விழுந்து விழுந்து சிரித்தார்.

சடையன் தலையைத் தொங்கப்போட்டான். அப்போது காலடியில் ஒரு குரல் கேட்டது.

"அண்ணே, உங்க கையெழுத்து ரொம்ப ருசியா இருக்குண்ணே!"

கட்டெறும்பு! ஒன்றல்ல, லட்சம்! புற்றோடு கிளம்பி வந்து தேன் இருந்த இடமெல்லாம் அப்பிக்கொண்டன. வெள்ளைப் பாறையில் கன்னங்கரேலென்று, கொழுகொழுவென்று எழுத்து எழுந்தது. எறும்புகள் நெளிய நெளிய, அது தொந்தியைக் குலுக்கிக்கொண்டு ஆடியது!

"அடேய், தேன்!" என்று எதிர்மலையிலிருந்து யானை பிளிறியது. குரங்குகள் கிளை கிளையாகத் தாவின. மான்கள் ஓடையைத் தாண்டின. மிச்சமிருந்த குடம் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்தது. இடமும் நிலைத்தது.

கூட்டம் கலைந்ததும் ஊசியப்பர் மெல்ல வந்தார். "தம்பி, என் கிழங்குக் கடைக்கும் அதே மாதிரி..."

சடையன் தன் கையைத் தூக்கிக் காட்டினான். "இது உலக்கைங்கய்யா. எழுத வராது."

அன்று முதல்தான் திருவிழாக் கடையிலும் மிட்டாய்க்கடைப் பலகையிலும் எழுத்து உப்பி, உருண்டு, தூரத்திலிருந்தே கூப்பிடுகிறது. முள்ளம்பன்றியோ கரடியின் வாசம் பட்டாலே இன்றும் முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்து நிற்கிறது.