கள்ளிப்பள்ளத்துத் தொட்டித் தண்ணீர்

இரண்டு வருடமாக மழை ஏமாற்றிய மலையடிவாரக் காடு அது. ஓடைகள் வற்றிவிட்டன. விலங்குகளுக்காக வனத்துறை கட்டிய தொட்டிகளில் இரண்டுக்குத்தான் லாரித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவற்றில் ஒன்று கள்ளிப்பள்ளத்துத் தொட்டி. இறைச்சிக்காக யாரோ அதில் பூச்சிமருந்தைக் கலந்து நான்கு புள்ளிமான்களைக் கொன்றுவிட்டார்கள்.

வனக்காப்பாளர் கௌசல்யா தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டாள்.

"ஆளைப் பிடிக்கிற வரைக்கும் இது காலியா கிடக்கட்டும் சார். இன்னொரு தொட்டிக்குக் காவல் போட்டுக்கலாம்."

ரேஞ்சர் சிவப்பிரகாசம் ஒத்துக்கொள்ளவில்லை. "தண்ணி இருந்தாத்தான் அவன் வருவான். நிரப்பி வச்சு மறைஞ்சு நில்லுங்க. கையும் களவுமா பிடிக்கணும்."

அனுப்ப அவரிடம் இருந்தது இரண்டே பேர்: கௌசல்யாவும், தற்காலிகக் காவலர் ரங்கனும்.

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் அவன் வந்தான். முகத்தைத் துண்டால் சுற்றியிருந்தான். மருந்துப் புட்டியைத் தொட்டிக்குள் கவிழ்த்தான். கௌசல்யா புதரிலிருந்து பாய்ந்து அவன் இடுப்பைப் பிடித்தாள். முரட்டு ஆள். ரங்கன் ஓடிவந்து கைகளை முறுக்கிய பிறகுதான் அடங்கினான்.

கட்டுவதற்குக் கயிறு எடுப்பதற்குள் மேட்டில் சருகு நொறுங்கியது. ஐந்து யானைகள். நடுவில் விலா எலும்பு தெரிய ஒரு குட்டி. தண்ணீர் வாசம் பிடித்து நேரே இறங்கின. ரங்கன் போட்ட கூச்சலுக்கு ஒன்றுகூட நிற்கவில்லை.

"மேடம், அடைப்பைப் பிடுங்கணும்!"

"விடாதீங்க ரங்கண்ணா! என்னால ஒத்தையா முடியாது!"

"குடிச்சுப்போடும் மேடம்!"

ரங்கன் பிடியை விட்டுவிட்டு ஓடி, தொட்டியின் அடியிலிருந்த வடிகுழாயின் அடைப்பைப் பிடுங்கினார். பிடிபட்டவன் முழங்கையால் கௌசல்யாவின் தாடையில் இடித்துவிட்டுக் காட்டுக்குள் மறைந்தான். அகலக் குழாய் வழியே கொட்டிய தண்ணீரை வெடித்த நிலம் உறிஞ்சிக்கொண்டது. யானைகள் காலித் தொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பின. குட்டியைத் தாய் தள்ளிக்கொண்டே போனது.

ஆறு நாள் கழித்து இன்னொரு தொட்டியருகே ஒன்பது மான்கள் செத்துக் கிடந்தன. அதே மருந்து.

"அன்னைக்குப் பிடியை விடாம இருந்திருந்தா இது நடந்திருக்குமா? ரங்கன் கடமை தவறினான்னு எழுதிக் கொடு" என்றார் ரேஞ்சர் கௌசல்யாவிடம்.

அந்த ஒரு வரி போதும், ரங்கனின் வேலை போய்விடும். கௌசல்யாவுக்கும் கோபம் ஆறவில்லை. செத்த மான்களில் ஒன்று சினையாக இருந்தது.

"மறுபடி அப்படி நடந்தா என்ன செய்வீங்க?" என்று ரங்கனிடம் கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "அதையேதான் செய்வேன் மேடம்."

தொட்டியை நிரப்பச் சொன்ன ரேஞ்சர், பிடித்தவனை விடக் கூடாது என்ற கௌசல்யா, விட்டுவிட்டு ஓடிய ரங்கன். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ரங்கன் செய்ததே சரி. ஒன்பது மான்களைக் கொன்றவன் விஷம் வைத்தவன். அவனைத் தேட இன்னும் நாட்கள் இருந்தன. யானைகளுக்கு அந்த ஒரு நிமிடம்தான் இருந்தது. கௌசல்யாவும் தன் வேலையைத்தான் செய்தாள். விலங்குகளின் தாகத்தைத் தூண்டிலாக வைத்து, காவலுக்கு இரண்டே பேரை நிறுத்தியதுதான் பிழை. ஆனால் கௌசல்யா ரேஞ்சரின் அந்தப் பிழையை எழுதவில்லை. 'அடைப்பைத் திறக்க உத்தரவிட்டது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அது பொய். ரங்கனின் வேலை தப்பியது. விஷம் வைத்தவன் இன்னும் பிடிபடவில்லை.