காலி வண்டியோடு சந்தைக்கு வந்த காளத்தி

எங்கள் ஊர்த் தோட்டக்காரர் பொங்கியண்ணன் சொன்ன இந்தக் கதையை நான் பல வருஷம் நம்பவில்லை. ராஜாக்கள் இவ்வளவு சுலபமாகத் தோற்பார்களா என்று ஒரு சந்தேகம். இதில் வரும் பெண்ணின் மேல் அதைவிடப் பெரிய சந்தேகம். இருந்தாலும் கேட்டபடியே சொல்கிறேன்.

ஒரு காலத்தில் குறிஞ்சேரி நாட்டை மதிவாண ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒன்று சொல்வார், சாப்பிட்டு எழுந்ததும் வேறொன்று சொல்வார். பக்கத்து நாட்டோடு சமாதானம் ஆனதும், "இனி எதற்கு இவ்வளவு படை?" என்று நாற்பது வீரர்களைக் கலைத்து, ஆளுக்கு ஒரு துண்டு ஆற்றங்கரை நிலம் கொடுத்தார். மாந்தோப்பு வைக்க அதே நிலத்தைக் கேட்டுக் கிடைக்காமல் போன தளவாய் விருபாட்சருக்கு வயிறு எரிந்தது.

அந்த நாற்பது பேரில் காளத்தியும் ஒருவன். பதினெட்டு வருஷம் வேல் பிடித்தவன். அந்த நிலம் போனால் அவனுக்குப் போக்கிடம் இல்லை. விவசாயத்தையும் படையெடுப்பு என்றே அவர்கள் நினைத்துவிட்டார்கள். முரசு அடித்ததும் நாற்பது பேரும் ஒரே நாளில் உழுதார்கள், ஒரே நாளில் கத்தரி நட்டார்கள். கத்தரியும் கட்டளைக்குப் பணிந்ததுபோல ஒன்றாகக் காய்த்தது. செவ்வாய்ச் சந்தையில் வரிசை கலையாமல் நாற்பது கூடைகளோடு போய் நின்றார்கள். பொழுது சாய்வதற்குள் அந்தக் கத்தரிக்காயை மாடுகளே சலித்துப்போய் ஒதுக்கின.

மறுநாள் நாற்பது பேரையும் அரண்மனைக்கு அழைத்தார்கள். "வேல் பிடித்த கைக்குக் கலப்பை ஒத்துவராது, மகாராஜா. நிலத்தைத் திருப்பி வாங்கிவிடலாம்" என்றார் தளவாய்.

"விளைந்ததே, ஐயா" என்றான் காளத்தி.

"விளைந்தது, வாங்கத்தான் ஆளில்லை" என்று சிரித்தார் ராஜா. "வாய் திறந்தவன் நீதான், நீயே விதைத்துக் காட்டு. தை மாதக் கடைசிச் செவ்வாய் நான் சந்தைக்கு வருவேன். உச்சிப்பொழுதில் விற்காத காய் ஒன்று உன்னிடம் மிஞ்சினாலும் நாற்பது பேர் நிலமும் போச்சு."

அந்த ஆற்றங்கரையிலேயே பயிர் செய்து அதே சந்தையில் விற்பவள் வெள்ளாத்தா. காளத்தியைவிடப் பத்து வயது இளையவள். தொங்கிய தலையோடு வந்தவனை வழியில் நிறுத்தினாள்.

"ஏனுங்கண்ணா, கத்தரிக்கா என்ன எதிரியா, நாப்பது பேரு சேர்ந்து வளைச்சுப் பிடிக்கறதுக்கு?"

"சிரிக்காதே அம்மணி. அடுத்து என்ன விதைக்கட்டும், அதைச் சொல்லு."

"என்னைக் கேட்டா? திங்கறவங்களையல்லோ கேக்கோணும்? வாங்க."

அவள் அவனை வயலுக்குக் கூட்டிப்போகவில்லை. அரண்மனைச் சமையல்கட்டு, சத்திரம், கல்யாணம் நிச்சயமான இரண்டு வீடுகள் என்று ஒவ்வொரு வாசலாக ஏற்றி இறக்கினாள். "கையை இறக்குங்க. சிறைபிடிக்க வந்தாப்பல நிக்கறீங்க" என்று காதில் சொன்னாள். தை மாதம் எல்லோருக்கும் வெள்ளைப் பூசணி வேண்டியிருந்தது. ஆனால் ஆளுக்கொரு நாளில். அந்த நாட்களுக்குத் தோதாகப் பத்துப் பத்து நாள் இடைவெளியில் நாலு தரம் விதை போட்டான் காளத்தி.

விதைக்குழியில் அவன் அகழிபோலத் தண்ணீர் தேக்கியபோது வெள்ளாத்தா திட்டினாள். பிஞ்சு வெம்பியபோது இலையைப் புரட்டிக் காரணத்தைக் காட்டினாள். வெள்ளிதோறும் வரப்பில் வந்து நின்று, "இன்னைக்கு யாரைப் பாத்தீங்க?" என்பாள். ஒரு வெள்ளியன்று அவள் கேட்கும் முன்பே, "சத்திரத்து விருந்தை ஒரு வாரம் முன்னால தள்ளிட்டாங்களாம். சமையல்காரர்கிட்ட பேசிட்டு வந்தேன்" என்றான். அவள் தலையாட்டிவிட்டு, அன்று சீக்கிரமே வீடு திரும்பினாள்.

காளத்தி பூசணி போட்ட சேதி தளவாய்க்கு எட்டியது. 'சந்தை முழுக்கப் பூசணியாகக் கிடந்தால் அவன் காயை எவன் தொடுவான்?' என்று தன் இருபது வயலிலும் பூசணியே போட்டார்.

தை கடைசிச் செவ்வாய். சந்தையில் தளவாயின் காய்கள் கோட்டைச்சுவர்போல நின்றன. ராஜா வந்து அமர்ந்தார். காளத்தி காலி வண்டியை ஓட்டிவந்தான்.

"என்னப்பா, வெட்கப்பட்டு வழியிலேயே கொட்டிவிட்டாயா?" என்றார் தளவாய்.

"காய் எங்கே?" என்றார் ராஜா.

"கடைசிக் காய் நேற்றே போய்விட்டது, மகாராஜா."

"எங்கே போனது?"

"தங்கள் வயிற்றுக்கு."

அரண்மனைச் சமையல்காரர் பின்னாலிருந்து மெல்ல வாய் திறந்தார். "நேற்று மோர்க்குழம்பில் மகாராஜா மூன்று தரம் கேட்டு வாங்கிய காய், இவன் தோட்டத்துக் காய்தான்."

ராஜா வயிற்றைத் தடவிக்கொண்டார். "நன்றாகத்தான் இருந்தது."

"சந்தைக்கே வராத காய் எப்படிக் கணக்காகும்?" என்றார் தளவாய்.

"மிஞ்சக் கூடாது என்றுதான் சொன்னேன். அவனிடம் மிஞ்சவில்லை, உம்மிடம்தான் மலையாக இருக்கிறது. மிஞ்சியவர் நிலமெல்லாம் போகும் என்று நான் சொல்லியிருந்தால் உம் கதி என்ன?" நாற்பது பேரின் நிலத்தையும் அங்கேயே உறுதிசெய்தார் ராஜா.

தலைகுனிந்து நின்ற தளவாயிடம் காளத்தி போனான். "சாம்பல் பூத்த காய் சீக்கிரம் கெடாதுங்க ஐயா. உறி கட்டித் தொங்கவிடுங்க. மாசியில யார் வீட்டுல விசேஷம்னு நாளைக்கு ரெண்டு பேருமாப் போய்க் கேப்போம்."

தளவாய் தலையாட்டினார். வேறு வழி இல்லை.

ராஜா வெள்ளாத்தாளை அழைத்தார். "உன் சந்தையில் உனக்கே போட்டியாக ஒருவனை வளர்த்திருக்கிறாயே, ஏன்?"

"நான் ஒருத்தி கூடை வெச்சா மூணு ஊரு சனம் வருமுங்களா சாமி?"

"கெட்டிக்காரி. என்ன வேண்டும், கேள்."

"இன்னும் முப்பத்தொம்பது பேரு இருக்காங்க. எனக்குக் காலு ரெண்டுதான். பாதிப் பேரு வரப்புல இந்த அண்ணனை நிக்கச் சொல்லுங்க, போதும்."

ராஜா வாய் திறக்கும் முன்பே, "நிற்கிறேன்" என்றான் காளத்தி. பதினெட்டு வருஷம் கட்டளைக்கு வணங்கிய முதுகு அது. அன்று சந்தை நடுவில், யாரும் சொல்லாமலே, வெள்ளாத்தாளின் முன் வளைந்தது.

போட்டியாளனை ஏன் வளர்த்தாய் என்றதற்கு அவள் சொன்ன பதில் ராஜாவுக்குப் போதும். எனக்குப் போதவில்லை. வாராவாரம் அடுத்தவன் வரப்பில் வந்து நிற்க யாருக்கு நேரம் இருக்கிறது? பொங்கியண்ணன் நாற்பது வயதுவரை நூல் மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகுதான் நிலம் வாங்கினார். இப்போது அவர் தோட்டத்துப் பூசணி மூன்று ஊருக்குப் போகிறது. கதையில் அந்த வரப்பு வரும்போதெல்லாம் கொஞ்சம் நிறுத்தித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். போன மாதம் அப்படி நிறுத்தியபோது கேட்டேவிட்டேன்.

"ஏனுங்கண்ணா, நீங்க பூமி வாங்கின வருஷம், உங்க வரப்புல வந்து நின்னது யாருங்க?"